"எனக்கு கணக்கு வராது" – 37 வயசுக்கு மேல இந்த நினைப்பை மாத்த முடியுமா? (மோட்டிவேஷன் வேணாம், வழி வேணும்)

கடைசிபெஞ்ச்_கயல்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் போஸ்ட், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். சின்ன வயசுலேர்ந்து எனக்கு கணக்கு வராது. வராதுன்னா, வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, "இவளுக்கு பேச்சு நல்லா வரும் எழுத்து நல்லா வரும், கணக்கு மட்டும் மண்டைல ஏறாது, அப்படியே அம்மா மாதிரி". நானும் அதை பெருமையா வேற சொல்லிட்டு திரிஞ்சேன். கணக்கு இல்லாத படிப்பா பாத்து எடுத்தேன், கணக்கு இல்லாத வேலையா பாத்து சேந்தேன். இப்ப டீம் லீடா போட்டுட்டாங்க. மாசக் கடைசில ஸ்டாக் ரிப்போர்ட், எத்தனை சதவீதம் ஏறுச்சு எத்தனை இறங்குச்சுன்னு எல்லாம் நான்தான் சொல்லணும்.

போன மீட்டிங்ல மேனேஜர் ரொம்ப சாதாரணமா "480 பெட்டில 15 சதவீதம் குறைச்சா எவ்ளோங்க வரும்?"னு கேட்டார். அவ்ளோதான். காது சூடாயிடுச்சு, ஸ்க்ரீன்ல நம்பர் தெரியுது ஆனா அது நம்பராவே தெரியல, ஏதோ கோடு கோடா தெரியுது. நான் முழிச்சிட்டு இருக்கும்போதே பக்கத்துல இருந்த பையன் 408னு சொல்லிட்டான். எனக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா பாருங்க, சீட்டுக்கு வந்து உக்காந்ததும் 10 சதவீதம் 48, அதுல பாதி 24, ரெண்டும் சேத்தா 72, 480ல 72 போனா 408, தானா வருது! அப்ப எனக்கு தெரியும்தானே? ஆனா மனசு உடனே "இதெல்லாம் ஒரு கணக்கா, சின்னப் புள்ளை கூட போடும்"னு சொல்லிடுது.

இதெல்லாம் கூட பரவால்ல. ரெண்டாவது படிக்கிற என் பொண்ணு முந்தாநேத்து ஹோம்வொர்க் நோட்டை மூடி வச்சிட்டு "எனக்கும் உன்னை மாதிரி கணக்கு வராதும்மா"ன்னா. அதைக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல.

யூட்யூப்ல பாத்து கண்ணாடி முன்னாடி நின்னு "எனக்கு கணக்கு நல்லா வரும்"னு தினமும் சொல்லிப் பாத்தேன். பொய் சொல்ற மாதிரி இருக்கு, சொல்லி முடிச்சதும் முன்னை விட எரிச்சலா இருக்கு. என் கேள்வி: முதல்ல நம்பணுமா, அப்புறம்தான் வருமா? இல்ல வந்தாதான் நம்பிக்கை வருமா? இதுலேர்ந்து வெளிய வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

ஊதாப்பூ77:

கயல் கவலைப்படாதீங்க! நம்ம எண்ணம்தான் நம்ம வாழ்க்கை. கண்ணாடி முன்னாடி சொல்றதை நிறுத்தாதீங்க, 21 நாள் விடாம சொன்னா ஆழ்மனசுல பதிஞ்சிடும். அப்புறம் பாருங்க. வாழ்த்துகள் தோழி 💜

---

எல்லாம்_நன்மைக்கே:

480ல 15 சதவீதம்னு படிச்சதும் நான் போன்ல கால்குலேட்டரை எடுத்துட்டேன். நான் இன்ஜினியர். அவ்ளோதான் சொல்ல வந்தேன், பெரியவங்க பதில் சொல்லுங்க, படிக்கிறேன்.

---

ராத்திரிப்பறவை:

கயல், நான் சைக்காலஜி படிச்சிட்டு கவுன்சலிங் பக்கம் வேலை பாக்குறேன். உங்க கேள்விக்கு நேரா பதில்: முதல்ல நம்பவே வேண்டியதில்ல. நம்பாமலே செஞ்சு பாக்கலாம், செஞ்சதை ஒழுங்கா கணக்குல எடுத்துக்கிட்டா நம்பிக்கை பின்னாடியே வரும்.

ஊதாப்பூ கோச்சுக்காதீங்க, கண்ணாடி விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். 2009ல ஜோஆன் வுட்னு ஒரு கனடா ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் இதையே சோதிச்சுப் பாத்தாங்க. மணிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரிய ஆள்"ங்கிற மாதிரி ஒரு வரியை மனசுக்குள்ள சொல்லணும். ஏற்கனவே தன்னைப் பத்தி நல்ல எண்ணம் இருந்தவங்களுக்கு லேசா நல்லா இருந்துச்சு. தன்னைப் பத்தி மட்டமா நினைக்கிறவங்களுக்கு, சொல்லாம விட்டவங்களை விட மோசமா ஆயிடுச்சு. அதாவது யாருக்கு தேவையோ அவங்களுக்குத்தான் அது திருப்பி அடிக்குது. ஏன்னா நம்பாத ஒரு வாக்கியத்தை சொல்லும்போது மனசு சும்மா இருக்காது, "அப்படியா, அந்த மீட்டிங்ல என்ன ஆச்சு? பத்தாங்கிளாஸ்ல என்ன ஆச்சு?"ன்னு எதிர் ஆதாரத்தை ஒண்ணொண்ணா எடுத்துப் போடும். கயலுக்கு எரிச்சல் வந்ததுல ஆச்சரியமே இல்ல.

21 நாள் கதையும் அப்படித்தான். 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார், அந்தக் "குறைஞ்சது" எங்கயோ வழில விழுந்துடுச்சு. 2010ல லண்டன்ல பிலிப்பா லாலி பழக்கங்களை வச்சு அளந்து பாத்தப்ப சராசரியா 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் போச்சு. அது கூட சாப்பாடு, நடை மாதிரி பழக்கத்துக்குத்தான், "நான் யாரு"ங்கிற நினைப்புக்கு இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1977ல ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியலாளர், "என்னால இது முடியும்"ங்கிற எண்ணம் நாலு இடத்துலேர்ந்து வருதுன்னு சொன்னார். நாமளே செஞ்சு ஜெயிச்சது, நம்மள மாதிரி ஒருத்தர் செய்றதை பாத்தது, அடுத்தவங்க "உன்னால முடியும்"னு சொன்னது, அந்த நேரத்துல நம்ம உடம்பு எப்படி இருந்துச்சுங்கிறது. இதுல முதல்ல சொன்னதுக்குத்தான் பலம் ஜாஸ்தி. பாம்புன்னா நடுங்குறவங்களை வச்சு பண்ண ஆராய்ச்சில, இன்னொருத்தர் பாம்பைத் தொடுறதை பாத்தவங்களை விட பக்கத்துல ஒருத்தர் துணைக்கு நிக்க தானே படிப்படியா தொட்டவங்களுக்குத்தான் தைரியம் அதிகமா வந்துச்சு. நம்மாளுங்க என்ன பண்றோம்? மூணாவதை, அதாவது வெறும் வாய் வார்த்தையை மட்டும் பிடிச்சுத் தொங்குறோம்.

சரி, அப்ப கயல் 408ஐ சரியா போட்டாங்களே, அது "நாமளே செஞ்சது"தானே, அது ஏன் நம்பிக்கையா மாறல? எனக்கு இந்த த்ரெட்ல சுவாரசியமான இடமே இதுதான். கிறிஸ்டின் படெஸ்கின்னு ஒரு சிகிச்சையாளர், நம்மளைப் பத்தி நமக்கே இருக்குற மட்டமான நினைப்பு ஒரு ஜாதி துவேஷம் மாதிரி வேலை செய்யுதுன்னு சொல்வாங்க. ஒரு கூட்டத்தைப் பத்தி கேவலமா நினைக்கிற ஆள், அந்தக் கூட்டத்துல ஒரு நல்லவரைப் பாத்தா நினைப்பை மாத்திக்குவாரா? மாட்டார். "இவர் மட்டும் விதிவிலக்கு"ம்பார், "நடிக்கிறார்"ம்பார், இல்ல பாக்கவே மாட்டார். கயல் 408க்கு பண்ணது அச்சு அசல் அதேதான், "இதெல்லாம் ஒரு கணக்கா". தப்பா போட்டிருந்தா மட்டும் அது பெரிய கணக்காயிருக்கும், பாத்தியா வராதுன்னு நிரூபிச்சிருக்கும். இந்த கோர்ட்ல ஒரு பக்கத்து சாட்சியை மட்டும்தான் உள்ள விடுறாங்க.

அதனால வழி என்னன்னா, முடிவு தெரியறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிடணும். முன்னாடியே எழுதிட்டா அப்புறம் பேச்சு மாத்த முடியாது. நாங்க பண்றது இப்படி:

"எனக்கு கணக்கு வராது"ங்கிறதை சோதிக்கவே முடியாது, அது ரொம்ப மொட்டையா இருக்கு. அதை ஒரு ஜோசியமா மாத்துங்க. "நாளைக்கு ரிப்போர்ட் பத்தி கேட்டா நான் ஒரு நிமிஷத்துல பதில் சொல்ல மாட்டேன், மேனேஜர் மூஞ்சி மாறும், எல்லாரும் என்னையே பாப்பாங்க". எத்தனை சதவீதம் நம்புறீங்கன்னும் போடுங்க, 80னா 80. அப்புறம் போய் செய்ங்க. வந்ததும் நிஜமா என்ன நடந்துச்சுன்னு கேமரா பாத்த மாதிரி எழுதுங்க, "கேவலமா இருந்துச்சு"ன்னு எழுதக் கூடாது, "மேனேஜர் சரின்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்"னு எழுதணும். அப்புறம் ஜோசியம் எவ்ளோ பலிச்சுதுன்னு பாருங்க.

இதுல ஒரு குழி இருக்கு, நிறைய பேர் இதுலதான் விழுவாங்க. முட்டுக்கொடுத்துட்டு செய்றது. எல்லா பதிலையும் ராத்திரியே மனப்பாடம் பண்ணிட்டுப் போறது, கேள்வி வரும்போது தண்ணி குடிக்கிற மாதிரி போக்கு காட்டுறது, பக்கத்து பையனை முன்கூட்டியே பேச சொல்லி வைக்கிறது. இப்படி செஞ்சா மீட்டிங் நல்லாவே போகும், ஆனா பேர் முட்டுக்குப் போயிடும், "மனப்பாடம் பண்ணதால தப்பிச்சேன்"னு. நினைப்பு அப்படியே இருக்கும். அதனால அந்த முட்டுகள்ல ஒண்ணை மட்டும் விட்டுட்டு செஞ்சு பாருங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல விட வேணாம்.

குறி வைக்கிறதும் சின்னதா இருக்கட்டும். "நான் கணக்குல புலி"ன்னு நம்ப வேண்டிய அவசியம் இல்ல. "நேரம் குடுத்தா வேலைக்கு தேவையான கணக்கை போட்டுடுவேன்", இது போதும். இதை மனசு எதிர்த்து வாதாடாது.

---

கோணமானி:

கயல் மா, நான் பெரியவங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கிறவன். பரீட்சை எழுதணும்னு பாதில விட்ட படிப்பை தொடர வரவங்க, வேலைக்காக வரவங்க, பேரன் பேத்திக்கு சொல்லிக்கொடுக்கணும்னு வரவங்கன்னு எல்லா மாதிரியும் பாத்தாச்சு. உள்ள நுழைஞ்சதும் முதல் வரி எல்லாரும் ஒரே மாதிரி சொல்வாங்க, "சார் எனக்கு கணக்கு வராது". சரிங்க உக்காருங்கம்பேன்.

பறவை சொன்னது மனசு சம்பந்தப்பட்டது, நான் கணக்கு பக்கம் சொல்றேன்.

மீட்டிங்ல உங்களுக்கு ஆனது மண்டை காலியானது இல்ல, மண்டை ரொம்பினது. மனக்கணக்கு போட, போட்ட பாதியை கைல பிடிச்சு வச்சிருக்க ஒரு சின்ன இடம் மூளைல வேணும், 48ஐ ஞாபகம் வச்சுக்கிட்டு 24ஐ கண்டுபிடிக்கணும்ல, அந்த இடம். 2001ல ஆஷ்கிராஃப்ட், கிர்க்னு ரெண்டு பேர் இதை சோதிச்சாங்க. சில எழுத்துகளை ஞாபகத்துல வச்சுக்கிட்டே கூட்டல் போடணும். கையிருப்பு வர கூட்டல்ல (8ம் 5ம் 13னா, அந்த 1ஐ அடுத்த இடத்துக்கு கொண்டு போறது), அதுவும் ஞாபகம் வச்சுக்க வேண்டிய எழுத்து அதிகமா இருக்கும்போது, கணக்கு பயம் உள்ளவங்களுக்கு தப்பு எகிறிடுச்சு. ஏன்னா "எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகப் போகுது"ங்கிற பேச்சே அந்த இடத்துல பாதியை பிடிச்சிக்குது, மிச்சத்துல 48க்கும் 24க்கும் இடம் பத்தல. சீட்டுக்கு வந்ததும் பேச்சு அடங்குச்சு, இடம் காலியாச்சு, 408 வந்துச்சு. அறிவு ரெண்டு இடத்துலயும் அதேதான் மா.

இதுக்கு கைவசம் இருக்குற மருந்து ரொம்ப சாதாரணம். மண்டைல போடாதீங்க, பேப்பர்ல போடுங்க. பேனா எடுத்துட்டு "ஒரு நிமிஷம், போட்டு சொல்றேன்"னு சொல்லுங்க. மீட்டிங்ல மனக்கணக்கு போடணும்னு எந்த சட்டமும் இல்ல, நல்லா கணக்கு தெரிஞ்சவன்தான் பேப்பர் கேப்பான். (பறவை இதை முட்டுன்னு சொல்லிடாதீங்க, இது கருவி!) முக்கியமான மீட்டிங்னா, போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தனியா உக்காந்து என்னென்ன பயமோ எல்லாத்தையும் கிறுக்கித் தள்ளுங்க. ரமிரெஸ், பைலாக்னு ரெண்டு பேர் 2011ல பரீட்சைக்கு முன்னாடி மாணவர்களை இப்படி எழுத வச்சப்ப, பயந்தவங்களோட மார்க் ஏறுச்சு.

அடுத்தது, எங்க விட்டுச்சுன்னு தேடணும். "கணக்கு வராது"ன்னு வரவங்களுக்கு முழுக் கணக்கும் வராம இருக்குறதை நான் பாத்ததே இல்ல. ஒரு இடம் இருக்கும். பின்னம் ஆரம்பிச்ச வருஷம் அம்மை வந்து ஸ்கூலுக்கு போகாம இருந்திருப்பாங்க, இல்ல வாத்தியார் மாறியிருப்பார், அதுக்கு மேல கட்டினது எல்லாம் ஆடும். அதனால பின்னாடி போங்க, வெக்கப்படாம போங்க, கண்ணை மூடிட்டு போடுற அளவுக்கு சுலபமான இடம் வரைக்கும் போய், அங்கேர்ந்து ஒரே ஒரு படி ஏறுங்க. 1981ல பண்டூராவும் டேல் ஷங்க்கும் கழித்தல்ல ரொம்ப பின்தங்கின, கணக்குன்னாலே ஓடுற சின்னப் பசங்களை எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 42 பக்கம், 7 வகுப்பு. ஒரு குழுவுக்கு "ஒரு வகுப்புக்கு 6 பக்கம் போடு"ன்னாங்க. இன்னொரு குழுவுக்கு "கடைசி வகுப்புக்குள்ள 42ஐயும் முடி"ன்னாங்க. வேலை ரெண்டும் ஒண்ணுதான்! ஆனா 6 பக்கம்னு சொன்ன பசங்கதான் நல்லா கத்துக்கிட்டாங்க, "என்னால முடியும்"ங்கிற எண்ணமும் அவங்களுக்குத்தான் வளந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் சொல்லாமலே கணக்கு போட உக்காந்ததும் அவங்கதான். 42 பக்கத்தைப் பாத்துட்டு உக்காந்தவனுக்கு ஒவ்வொரு நாளும் தோத்த மாதிரியே இருந்திருக்கும், பாவம்.

உங்களுக்கு இப்ப சதவீதம் மட்டும் போதும். 10 சதவீதம் எடுக்குறது, அதைப் பாதியாக்குறது, 1 சதவீதம் எடுக்குறது, இந்த மூணை வச்சு ஆபீஸ்ல வர முக்காவாசி கணக்கை கட்டிடலாம். இன்னொரு விஷயம், சதவீதத்தை திருப்பிப் போடலாம்னு நிறைய பேருக்கு தெரியாது. 50ல 18 சதவீதம் கஷ்டமா தெரியுதா? 18ல 50 சதவீதம் பாருங்க, 9. ரெண்டும் ஒண்ணுதான். இதை முதல் தடவை காட்டும்போது என்னை மோசடிக்காரன் மாதிரி பாப்பாங்க, அந்த முகத்தைப் பாக்கவே நான் இந்த வேலைல இருக்கேன்.

பொண்ணு விஷயம். 2010ல பைலாக் குழு 17 ஆசிரியைகளோட வகுப்பை ஒரு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. கணக்குல பயம் அதிகமா இருந்த டீச்சர்கிட்ட படிச்ச பொண்ணுங்கள்ல சில பேர், வருஷக் கடைசில "கணக்கு பசங்களுக்குத்தான், பொண்ணுங்களுக்கு வாசிப்புதான்"னு நம்ப ஆரம்பிச்சிருந்தாங்க, அப்படி நம்பினவங்களுக்கு மார்க்கும் குறைஞ்சிருந்துச்சு. வருஷ ஆரம்பத்துல இந்த வித்தியாசம் இல்ல. 2015ல வந்த இன்னொரு ஆய்வுல, கணக்கு பயம் உள்ள அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்ல உதவி பண்ணா பிள்ளைங்க கம்மியா கத்துக்குறாங்கன்னு வந்துச்சு. பயந்துடாதீங்க, இதுக்காக நோட்டைத் தொடாம இருக்க வேணாம். அவ முன்னாடி "எனக்கு வராது"ங்கிற வரியை மட்டும் நிறுத்திட்டு "இரு, நானும் போட்டுப் பாக்குறேன்"னு பக்கத்துல உக்காந்து நீங்களும் அடிச்சு அடிச்சு எழுதுங்க. பெரியவங்களும் அடிச்சு எழுதுவாங்கன்னு அவ பாக்கட்டும்.

---

சந்தேகப்பிராணி:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா கொஞ்சம் குறுக்க வரேன்.

"நினைப்பை மாத்துனா எல்லாம் மாறும்"ங்கிறது ஒரு பெரிய வியாபாரம் ஆயிடுச்சு. அறிவு வளரும்னு நம்புற பசங்க நல்லா படிப்பாங்கன்னு கேரல் ட்வெக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சொன்னதை உலகம் பூரா பள்ளிக்கூடத்துல போஸ்டர் ஒட்டினாங்க. 2018ல எல்லா ஆய்வையும் ஒண்ணா சேத்துப் பாத்தப்ப அந்த நம்பிக்கைக்கும் மார்க்குக்கும் இருக்குற தொடர்பு ரொம்ப சன்னம்னு தெரிஞ்சுது. 2019ல அமெரிக்காவுல 12 ஆயிரத்துக்கும் மேல ஒன்பதாவது படிக்கிற பசங்களை வச்சு பெரிசா பண்ணாங்க, ட்வெக்கும் அந்தக் குழுவுல இருந்தாங்க, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி. பின்தங்கின பசங்களுக்கு சராசரி 0.1 கிரேடு பாயிண்ட் ஏறுச்சு, அதிகபட்சம் 4.3க்கு. இல்லைன்னு சொல்லல, ஒரு மணி நேரத்துக்கு அது மோசமில்ல. ஆனா வாழ்க்கையே மாறுங்கிற பேச்சுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க.

ரெண்டாவது, சில "வராது" நிஜமாவே வராது. டிஸ்கால்குலியான்னு ஒண்ணு இருக்கு, எண்களைப் புரிஞ்சுக்குறதுலயே பிறவியிலேர்ந்து சிரமம், நூத்துல 3லேர்ந்து 7 பேர் வரைக்கும் இருக்கலாம்னு சொல்றாங்க. அவங்ககிட்ட போய் "உன் மனசுலதான் தடை"ன்னு சொல்றது கொடுமை. கயல் 408 போட்ட விதத்தைப் பாத்தா அவங்களுக்கு இது இருக்குற மாதிரி தெரியல, ஆனா த்ரெட்டை படிக்கிற வேற யாருக்காவது மணி பாக்கவே, சில்லறை எண்ணவே சின்ன வயசுலேர்ந்து திண்டாட்டம்னா, முறையா ஒருத்தர்கிட்ட போய் டெஸ்ட் பண்ணிக்கோங்க.

என் கேள்வி, நினைப்பு நினைப்புன்னு எதுக்கு அதையே நோண்டணும்? கோணமானி சார் சொன்ன சதவீதத்தை கத்துக்கிட்டு போயிட்டே இருக்கலாமே. வேலை தெரிஞ்சா நினைப்பு தானா போயிடும்.

---

ராத்திரிப்பறவை:

பிராணி, முக்காவாசி ஒத்துக்குறேன், அந்த ஒரு மணி நேர மேட்டர் எல்லாம் கரெக்ட். கடைசி வரி மட்டும் இடிக்குது. வேலை நல்லா தெரிஞ்சும் நினைப்பு போகாதவங்கதான் என்கிட்ட வரவங்கள்ல பாதி. வருஷக்கணக்கா நல்லா பாடுறவங்க, நல்லா வண்டி ஓட்டுறவங்க, ஆபரேஷன் பண்ற டாக்டர் உட்பட. அவங்களுக்கு திறமை பத்தலைன்னு இல்ல, திறமைக்கு கிடைச்ச சாட்சி உள்ள போகல. அதுக்குத்தான் எழுதி வைக்க சொல்றது. ஆனா திறமையே இல்லாத இடத்துல நினைப்பை மட்டும் நோண்டுறது வீண், அதுல உங்க கட்சிதான். கயலுக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேணும்.

இன்னொண்ணு. கயலோட நினைப்புல ஒரு லாபமும் ஒளிஞ்சிருக்கு, அதைப் பாக்காம மாத்த முடியாது. "கணக்கு வராது"ன்னு சொல்ற வரைக்கும் யாரும் அவங்ககிட்ட கணக்கு கேக்க மாட்டாங்க, தப்பு பண்ற சந்தர்ப்பமே வராது. அம்மா மாதிரின்னு சொல்லும்போது ஒரு ஒட்டுதல் வேற இருக்கு. கயல், கணக்கு வந்துட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, சிரிப்பா இருக்கும் ஆனா பதில் வரும்.

கோணமானி சார், பேப்பர் முட்டு இல்ல, ஒத்துக்குறேன் 😄 எல்லாரும் யூஸ் பண்றது கருவி, நம்மகிட்ட குறை இருக்குன்னு மறைக்க யூஸ் பண்றது முட்டு, நான் அப்படித்தான் பிரிப்பேன்.

---

எல்லாம்_நன்மைக்கே:

50ல 18 சதவீதமும் 18ல 50 சதவீதமும் ஒண்ணா?? பொறுங்க. ... ஆமாங்க. நான் இன்ஜினியர்னு மேல சொன்னதை மறந்துடுங்க.

---

கடைசிபெஞ்ச்_கயல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உடனே பதில் போடலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க, மாசக் கடைசி மீட்டிங் முடியட்டும்னு காத்திருந்தேன்.

பறவை சொன்ன மாதிரி முந்தின நாள் ராத்திரி எழுதினேன். அப்படியே போடுறேன்: "சதவீதம் கேப்பாங்க. எனக்கு வராது. பேப்பர் எடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க இல்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க. மேனேஜர் அந்த பையன்கிட்ட கேட்டுடுவார். 85." எப்பவும் எல்லா பதிலையும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி லேப்டாப் கீழ ஒளிச்சு வச்சிருப்பேன், அதை இந்த தடவை எழுதவே இல்ல.

நடந்தது. கேட்டார், போன மாசத்தை விட ரிட்டர்ன் எவ்ளோ கூடியிருக்குன்னு. காது சூடாச்சு, அது மாறல. நோட்டை எடுத்து "ஒரு நிமிஷம் சார், போட்டுடுறேன்"னேன். யாரும் சிரிக்கல. ரெண்டு பேர் போன் பாத்தாங்க, ஒருத்தர் ஃபேனை குறைச்சார். 250 இருந்தது 290 ஆயிருக்கு, 40 கூட, 250ல 10 சதவீதம் 25, 5 சதவீதம் 12.5, 1 சதவீதம் 2.5, மொத்தம் 40, ஆக 16 சதவீதம்னு சொன்னேன். சரின்னு எழுதிக்கிட்டார். அப்புறம் வேற ஒரு வரியில நான் தப்பா சொன்னேன், போன மாசத்துக்கு பதிலா இந்த மாசத்தை வச்சு வகுத்துட்டேன். அந்த பையன்தான் சொன்னான் "மேடம் அது பழைய நம்பரால வகுக்கணும்"னு. மேனேஜர் "மாத்திடுங்க"ன்னுட்டு அடுத்ததுக்கு போயிட்டார். அவ்ளோதான். நான் எழுதின ஜோசியத்துல பலிச்சது ஒண்ணே ஒண்ணு, சதவீதம் கேப்பாங்கங்கிறது மட்டும்தான்.

ஆனா உண்மையை சொல்லணும்ல, நினைப்பு போகல. இப்ப நம்பர் போட சொன்னா 60ம்பேன். அந்த 16 சதவீதம் சரியா வந்ததுக்கு "நம்பர் சுலபமா அமைஞ்சுடுச்சு"ன்னு மனசு சொல்லுது, வகுத்தல் தப்பானது மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்துச்சு. இதுக்கு என்ன பண்றது பறவை?

நஷ்டம் என்னன்னு கேட்டீங்கல்ல, யோசிச்சேன். கணக்கு வந்துட்டா, இத்தனை வருஷம் கணக்கு வராதுன்னு விட்ட படிப்பு, விட்ட வேலை எல்லாம் சும்மா விட்டதா ஆயிடும். அது கொஞ்சம் வலிக்குது. அதுக்கு மேல எழுத தெரியல.

---

ராத்திரிப்பறவை:

கயல், அந்தக் கடைசி பத்தி ரொம்பப் பேருக்கு உள்ள இருக்குறதுதான், வெளிய வராது. அந்த வலி நியாயமானது, அதை அவசரமா துடைக்க வேணாம்.

85 ஒரே மீட்டிங்ல 60 ஆனதே பெரிய விஷயம், பத்து ஆகணும்னு எதிர்பாக்காதீங்க. "நம்பர் சுலபமா அமைஞ்சுடுச்சு"க்கு ஒரு வழி: அடுத்த தடவை ஜோசியம் எழுதும்போதே கீழ இன்னொரு வரி எழுதுங்க, "எது நடந்தா நான் இதை ஒத்துக்குவேன்?" உதாரணத்துக்கு "இரட்டைப்படை இல்லாத, பத்தால போகாத நம்பர் வந்து போட்டுட்டா ஒத்துக்குவேன்". அப்படி வந்து போட்டதுக்கு அப்புறமும் மனசு புதுசா ஒரு காரணம் சொல்லுச்சுன்னா அதையும் தேதி போட்டு எழுதுங்க. நாலஞ்சு காரணம் வரிசையா ஒரே பக்கத்துல சேந்ததும் உங்களுக்கே அது காரணமா தெரியாது, சாக்கா தெரியும்.

தப்பையும் கேமரா மாதிரி எழுதுங்க. "பழைய நம்பரால வகுக்கணும், புதுசால வகுத்தேன்." இதுல "நான் மக்கு"ன்னு எங்கயும் இல்ல பாருங்க.

---

கோணமானி:

கயல் மா, அந்த தப்பு கணக்கு தெரியாதவங்க பண்ற தப்பு இல்ல, நியூஸ் பேப்பர்ல பெரிய பெரிய ஆளுங்களே பண்றாங்க. 250 லேர்ந்து 290க்கு ஏறினா 16 சதவீதம், ஆனா 290லேர்ந்து 250க்கு இறங்கினா 16 இல்ல, கிட்டத்தட்ட 13.8தான். எங்கேர்ந்து கிளம்புறோமோ அதாலதான் வகுக்கணும். இந்த வாரம் இதை மட்டும் போட்டுப் பழகுங்க, ஏறுறது ஒண்ணு இறங்குறது ஒண்ணு. வேற எதுக்கும் போகாதீங்க. அந்த பையன்கிட்டயே கேட்டு செக் பண்ணிக்கோங்க, சொல்லிக் குடுக்கிற குணம் உள்ளவனா தெரியுது.

---

ஊதாப்பூ77:

நான் முதல்ல கோவத்துல த்ரெட்டை மூடிட்டு போயிட்டேன், இப்ப முழுசா படிச்சேன். பறவை, எனக்கு மேடைல பேச வராது, பேச ஆரம்பிச்சா குரல் நடுங்கும், எல்லாருக்கும் அது தெரியும்னு இருக்கு. இந்த ஜோசியம் எழுதுற முறை இதுக்கும் ஆகுமா?

---

ராத்திரிப்பறவை:

ஆகும் ஊதாப்பூ, இதுக்கு இன்னும் நல்லாவே ஆகும், ஏன்னா உங்ககிட்ட நிஜ கேமரா இருக்கு. ரெண்டு நிமிஷம் பேசி போன்ல வீடியோ எடுங்க. பாக்குறதுக்கு முன்னாடி "குரல் நடுக்கம் பத்துக்கு எவ்ளோ தெரியும், கை ஆட்டம் பத்துக்கு எவ்ளோ"ன்னு எழுதிடுங்க. அப்புறம் வீடியோவை வேற யாரோ ஒருத்தர் பேசுறதா நினைச்சுப் பாத்து மார்க் போடுங்க. உள்ள இருக்குற நடுக்கம் அவ்ளோவும் வெளிய தெரியாதுன்னு அப்பதான் புரியும். நிஜமாவே தெரிஞ்சுதுன்னா எந்த இடத்துல தெரியுதுன்னு பாத்து இங்க வந்து சொல்லுங்க, அதுக்கு வேற வேலை இருக்கு.